கொலஸ்ட்ரால் மாத்திரை: விழுங்கவா, வேண்டாமா?

ஜனவரி 9, மாலை: வாசகர் கேள்வி

வயது 46, பெண். புகைப்பழக்கம் இல்லை, சர்க்கரை நோய் இல்லை, இரத்த அழுத்தமும் சரியாக இருக்கிறது. இந்த ஆண்டுப் பரிசோதனையில் எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 158 என்று வந்தது. மருத்துவர் அறிக்கையைப் புரட்டிய அரை நிமிடத்தில் ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டார். ஒருமுறை ஆரம்பித்தால் சாகும் வரை நிறுத்த முடியாது என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாத நான் இதை எதற்காக விழுங்க வேண்டும்?

ஜனவரி 9, இரவு

விழுங்காதீர்கள்.

என் சட்டைப் பையிலும் அதே மாதிரி ஒரு சீட்டு மூன்று வாரமாக மடித்தபடி கிடக்கிறது. எனக்கு வயது 56. மொத்தக் கொலஸ்ட்ரால் 248, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 42, டிரைகிளிசரைடு (இரத்தத்தில் இருக்கும் இன்னொரு கொழுப்பு) 190, எல்டிஎல் 168. இரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே ஒரு மாத்திரை எடுக்கிறேன். வயது, பாலினம், இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் எல்லாவற்றையும் போட்டுக் கணக்கிட்டதில், அடுத்த 10 ஆண்டுகளில் எனக்கு மாரடைப்போ பக்கவாதமோ வர 12 சதவீத வாய்ப்பு என்று வந்தது. ஸ்டாட்டின் இந்த அபாயத்தை 22 சதவீதம் குறைக்கிறது. 12-இல் 22 சதவீதம் எவ்வளவு? இரண்டரை. அதாவது என்னைப் போன்ற நூறு பேர் 10 ஆண்டு தவறாமல் விழுங்கினால் மூன்று பேர்கூடத் தப்புவதில்லை. மிச்சம் 97 பேர் சும்மா விழுங்குகிறார்கள். இதய நோய் வந்தவர்களுக்கு இந்த மாத்திரை. வராதவர்களுக்கு இது வெறும் பயம்.

ஜனவரி 10, காலை

நேற்றுப் போட்ட கணக்கு தப்பு. தூங்கி எழுந்து மறுபடி படித்தபோதுதான் உறைத்தது.

22 சதவீதம் என்பது மாத்திரைக்கான கணக்கு அல்ல. எல்டிஎல் ஒரு மில்லிமோல், அதாவது நம் அலகில் ஏறக்குறைய 39 மில்லிகிராம், இறங்கினால் கிடைக்கும் பலன் அது. பல பெரிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து வந்த எண். எனக்கு எழுதியிருக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் என் 168-ஐ அறுபதுக்கு மேல் இறக்கக்கூடும். அப்படியானால் அபாயம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. 12 எட்டாகிறது.

"97 பேர் சும்மா" என்று எழுதியதும் அவசரம். நூறு பேரில் 88 பேருக்கு மாத்திரை இல்லாமலே ஒன்றும் ஆகாது. எட்டுப் பேருக்கு மாத்திரை எடுத்தும் வரும். நடுவில் நான்கு பேர் தப்புகிறார்கள். அந்த நான்கு பேர் யார் என்பது அவர்களுக்கே தெரியாது. வராமல் போன மாரடைப்புக்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

நான்கு அதிகமா, குறைவா? இன்னும் முடிவுக்கு வரவில்லை. சீட்டு பையிலேயே இருக்கிறது.

ஜனவரி 10, சற்று நேரம் கழித்து

இன்னொரு விஷயம். அளவை இரண்டு மடங்காக்கினால் பலனும் இரண்டு மடங்காகும் என்று நினைத்திருந்தேன். இல்லை. ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் எல்டிஎல் கூடுதலாக 6 சதவீதம் போலத்தான் இறங்குகிறது. பெரும்பகுதி வேலையை முதல் சிறிய அளவே முடித்துவிடுகிறது.

ஜனவரி 14

தமிழில் இதற்குக் "கொழுப்பு" என்று பெயர் வைத்தது யாரோ தெரியவில்லை. இரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்று மனைவியிடம் சொன்னேன். "இரத்தத்தில் மட்டுமா? அதற்கும் மாத்திரை உண்டா என்று கேட்டு வாருங்கள்" என்றாள்.

பெயரால் வந்த குழப்பம் வேறு. கொலஸ்ட்ரால் என்றால் தின்ற எண்ணெய் அப்படியே குழாயில் போய் ஒட்டிக்கொள்வது என்றுதான் பாதிப் பேர் நினைக்கிறோம். உடம்பில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி உடம்பே தயாரித்துக்கொள்வது. கல்லீரல் செல்லின் மேல் சிறு ஏற்பிகள் இருக்கின்றன. இரத்தத்தில் மிதந்து போகும் எல்டிஎல் துகளைப் பிடித்து உள்ளே இழுப்பது அவற்றின் வேலை. இதைக் கண்டுபிடித்ததற்காக மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டாட்டின் கல்லீரலின் உற்பத்தியை மட்டுப்படுத்துகிறது. சொந்தச் சரக்கு குறைந்ததும் கல்லீரல் ஏற்பிகளைக் கூட்டி இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. அப்படித்தான் எல்டிஎல் இறங்குகிறது. குழாயைக் கழுவிவிடும் சோப்பு மாதிரி இதைக் கற்பனை செய்துகொண்டிருந்தேன், வெட்கமாக இருக்கிறது.

"இரசாயனம் வேண்டாம், இயற்கையானது போதும்" என்பவர்களுக்கு: முதல் ஸ்டாட்டின் ஒரு பூஞ்சையிலிருந்து வந்தது. ஜப்பானில் அகிரா எண்டோ 1970-களின் தொடக்கத்தில் ஆறாயிரம் பூஞ்சை வகைகளைச் சலித்துக் கண்டெடுத்தார். இயற்கை மருந்து என்று விற்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசியில் வேலை செய்யும் பொருளும் லோவாஸ்டாட்டின்தான். என்ன, எந்தக் குப்பியில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு உறுதி இல்லை. 1987-இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றதும் அதே லோவாஸ்டாட்டின்.

ஜனவரி 22

இரண்டாவது மருத்துவரிடம் போய் வந்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "தைராய்டு பார்த்தீர்களா?" தைராய்டு மந்தமாக இருந்தால் எல்டிஎல் தானாகவே ஏறுமாம். அதைச் சரிசெய்தாலே கொலஸ்ட்ரால் இறங்கிவிடுவது உண்டு. முதல் மருத்துவர் அதை நினைக்கவே இல்லை. பார்த்தேன், எனக்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கேள்வி கேட்ட நீங்கள் இதைக் கட்டாயம் பாருங்கள்.

பெரும்பாலான அறிக்கைகளில் வரும் எல்டிஎல் நேரடியாக அளந்தது அல்ல, கழித்துப் போட்டது என்பதும் அங்கேதான் தெரிந்தது. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லைக் கழிக்க வேண்டும். டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்க வேண்டும். பென்சில் எடுத்துப் பார்த்தேன்: 248, கழித்தல் 42, கழித்தல் 38. அதே 168. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தச் சூத்திரம் உதவாது.

மூன்று மாதம் சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்குபடுத்திவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். சீட்டை வாங்கிக் கிழிக்கவில்லை, பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 3

கேள்வி கேட்டவர் தன் கணக்கைப் போட்டு அனுப்பியிருக்கிறார். மொத்தம் 240, எச்டிஎல் 58. 10 ஆண்டு அபாயம் இரண்டு சதவீதத்துக்கும் கீழே. தைராய்டும் சரி. வேறொரு மருத்துவர், "இப்போது மாத்திரை வேண்டாம், கொஞ்ச காலம் கழித்து மறுபடி பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டாராம்.

ஆக, முதல் நாள் நான் சொன்ன பதில் உங்களுக்குச் சரி. சொன்ன காரணம்தான் தப்பு. என் எல்டிஎல்லுக்கும் உங்களுடையதற்கும் பத்துதான் வித்தியாசம். அபாயத்தில் ஆறு மடங்கு. மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும் உங்கள் வரிசையில் நூறு பேருக்கு ஒருவர்கூடத் தப்புவதில்லை. அறிக்கையில் சிவப்பு மையில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்து எழுதினால் இரண்டு பேருக்கும் ஒரே சீட்டுதான் கிடைக்கும், கிடைத்தது.

இந்தக் கணக்கே தேவைப்படாத ஆட்களும் உண்டு. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு விவாதம் 1994-இலேயே முடிந்துவிட்டது. இதய நோய் உள்ள 4,444 பேரிடம் ஸ்காண்டிநேவியாவில் நடந்த சிம்வாஸ்டாட்டின் ஆய்வில், ஐந்து ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான காலத்தில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 12 சதவீதம் பேர் இறந்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 8 சதவீதம். எல்டிஎல் 190-ஐத் தாண்டுபவர்களும் கணக்குப் போட்டுக்கொண்டு உட்காரக் கூடாது. பிறவியிலேயே ஏற்பிக் குறைபாடு இருக்கலாம், அது ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்ய வேண்டும். நாற்பது தாண்டிய சர்க்கரை நோயாளிகளும் தனி வரிசை.

பிப்ரவரி 4

ஒரு பின்யோசனை. அபாயத்தைச் சொல்லும் அந்தக் கணக்கு வயதைத்தான் அதிகம் எடைபோடுகிறது. 46 வயதில் இரண்டு சதவீதம் என்பது "இன்னும் 10 ஆண்டுக்கு" என்பதுதான். எல்டிஎல் ஆண்டுக்கணக்கில் படிகிற சமாச்சாரம். எனவே மறுபடி பார்க்கலாம் என்று மருத்துவர் சொன்னதை மறந்துவிடாதீர்கள். "வேண்டாம்" வேறு, "இப்போது வேண்டாம்" வேறு.

பிப்ரவரி 18

அக்காவிடம் பேசினேன். குடும்பத்தில் இதய நோய் உண்டா என்று மருத்துவர் கேட்டபோது, "அப்பாவுக்கு 56 வயதில் மாரடைப்பு" என்று சொல்லியிருந்தேன். தந்தைக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள் வந்திருந்தால்தான் அதைச் சீக்கிரம் வந்ததாகச் சேர்ப்பார்களாம். 56 என்றதும் அவர் எதுவும் எழுதவில்லை.

அக்கா சொல்கிறாள்: "சான்றிதழ்ப்படிதான்டா 56. பள்ளியில் சேர்க்கும்போது இரண்டு வயது கூட்டிப் போட்டிருந்தார்கள். அப்பாவே எத்தனை முறை சொல்லிச் சிரித்திருக்கிறார்! அன்றைக்கு அவருக்கு 54."

என் இதயத்தின் தலைவிதி ஏதோ ஒரு பள்ளி எழுத்தர் போட்ட கூட்டலில் மாட்டியிருக்கிறது. அப்பாவின் இரத்தக் குழாய்க்கு 55 என்ற கோடு தெரிந்திருக்குமா என்ன? தெரியாது. ஆனாலும் அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. அவருக்கு வந்த வயதை நான் தாண்டிவிட்டேன் என்பதை அதுவரை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

ஏப்ரல் 16

மூன்று மாதம் முடிந்தது. தினமும் 45 நிமிட நடை. பொரித்தது, வெண்ணெய் எல்லாம் நிறுத்தம். ஓட்ஸ், பயறு, காய்கறி. எடை 3 கிலோ இறங்கியது. டிரைகிளிசரைடு நன்றாகவே இறங்கியது.

எல்டிஎல்: 157.

பதினொன்று! அறிக்கையை மூன்று முறை படித்தேன். நான் விட்டுக்கொடுத்த ஒவ்வொரு பலகாரமும் கண்முன் வரிசையாக நடந்து போனது. மருத்துவர் மட்டும் ஆச்சரியப்படவில்லை. சாப்பாட்டால் இவ்வளவுதான் இறங்கும், ஆனால் நடையால் இரத்த அழுத்தமும் எடையும் இறங்கியதை எல்டிஎல் எண்ணில் தேடாதீர்கள் என்றார்.

ஏப்ரல் 22

அப்படியும் இழுத்தடித்தேன். இரண்டுங்கெட்டானாக இருப்பவர்களுக்கு இதயத்தின் சிடி ஸ்கேன் ஒன்று உண்டு. இதயத் தமனியில் சுண்ணாம்புப் படிவு எவ்வளவு என்று பார்ப்பது. பூஜ்யம் வந்தால் பெரும்பாலும் மாத்திரையைத் தள்ளிப்போடலாம். வளையத்துக்குள் படுக்க வைத்து, மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள்; பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. பூஜ்யம் வரும் என்று உள்ளூர நம்பியிருந்தேன். 46 வந்தது. பெரிய எண் இல்லை. ஆனால் பூஜ்யமும் இல்லை. படிவு தொடங்கிவிட்டது.

ஏப்ரல் 27

ஆரம்பித்துவிட்டேன். மாத்திரை நினைத்ததைவிடப் பெரிது. தொண்டையில் நின்று இறங்குகிறது. இரவில்தான் எடுக்க வேண்டும் என்று சிலர் சொல்வது சிம்வாஸ்டாட்டின் மாதிரி உடம்பில் சீக்கிரம் கழியும் வகைகளுக்கு; அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் எந்த நேரமும் எடுக்கலாம். நான் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வைத்துக்கொண்டேன்.

மே 6

நிறுத்திவிட்டேன். ஒன்பது நாள்.

நான்காம் நாளே இரண்டு கெண்டைக்காலிலும் வலி. மாடிப்படி ஏறும்போது தசையை யாரோ பிழிவது போல இருக்கிறது. நேற்று இரவு வலியில் இரண்டு முறை எழுந்தேன். ஸ்டாட்டின் தசையைத் தின்னும் என்று எங்கெங்கோ படித்தது பொய்யில்லை. 2001-இல் செரிவாஸ்டாட்டின் என்ற ஒரு வகையை, தசை சிதைந்து உயிர்ச்சேதம் ஆனதால் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெற்றார்கள், தெரியுமா? நான்கு பேர் தப்புவதற்காக நூறு பேர் நொண்ட வேண்டுமா? முதல் நாள் சொன்னதையே திரும்பச் சொல்கிறேன்: விழுங்காதீர்கள்.

மே 11

மேலே எழுதியதை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். வேண்டாம், இருக்கட்டும்.

இன்று காலை மனைவி மருந்துப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, "என் கால்சியம் மாத்திரை பத்து இருந்தது, ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது. யார் தின்றது?" என்றாள்.

கடையில் இருவர் மருந்தையும் ஒரே உறையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். இரண்டும் வெள்ளை. நான் எடுத்தது பாதியாக வெட்டிய அட்டை; பெயர் அச்சான பாதி கடையிலேயே தங்கிவிட்டது. என் அட்டோர்வாஸ்டாட்டின் அட்டைகள் மூன்றும் உறையின் அடியில், ஒன்றுகூடப் பிரிக்காமல் கிடந்தன. பிரித்துப் பார்த்தேன். மாத்திரை துவரம்பருப்பை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். தொண்டையில் நிற்க வழியே இல்லை.

ஒன்பது நாள் கால்சியம் தின்றுவிட்டு, ஸ்டாட்டின் என் தசையைத் தின்றதாக ஊருக்கே சொல்லியிருக்கிறேன். வலி? சத்தியமாக இருந்தது. இரவில் எழுந்ததும் உண்மை. மூன்று மாதத்துக்கு மேலாக நடந்துகொண்டிருந்த கால்களை அதற்கு முன் நான் கவனித்ததே இல்லை, அவ்வளவுதான்.

மே 12

இந்த முட்டாள்தனத்தை முறைப்படியே செய்து பார்த்திருக்கிறார்கள். லண்டனில் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள், பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேரைச் சேர்த்தார்கள். ஆளுக்குப் பன்னிரண்டு மாதம்: நான்கு மாதம் அட்டோர்வாஸ்டாட்டின், நான்கு மாதம் அதேபோன்ற வெற்று மாத்திரை, நான்கு மாதம் ஒன்றுமே இல்லை, எல்லாம் கலைத்துப் போட்ட வரிசையில். தினமும் தொந்தரவுக்கு நூற்றுக்கு மதிப்பெண் போட வேண்டும். மாத்திரையே இல்லாத மாதங்களில் சராசரி 8. வெற்று மாத்திரையில் 15.4. நிஜ மருந்தில் 16.3. 2020-இல் முடிவு வெளியானது. தங்கள் மதிப்பெண்ணைத் தாங்களே பார்த்த பிறகு பாதிப் பேர் மறுபடி ஸ்டாட்டினைத் தொடங்கினார்கள்.

இதைப் படித்து "வலியெல்லாம் மனப்பிரமை" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். வெற்று மாத்திரையில் வந்த 15.4-உம் வலிதான், வந்தவருக்குத்தான் தெரியும். மருந்தால் நிஜமாகவே தசைவலி வருபவர்களும் இருக்கிறார்கள். 2022-இல் பெரிய ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பார்த்ததில், முதல் ஆண்டில் ஆயிரம் பேருக்குப் 11 பேர் போல அப்படிக் கூடுதலாக வந்தது. ஸ்டாட்டின் எடுப்பவர்கள் சொன்ன தசைவலிகளில் பதினைந்தில் ஒன்றுக்கு மட்டுமே மருந்து காரணம். அந்த ஒருவருக்கு அளவைக் குறைக்கலாம், வகையை மாற்றலாம், எசெட்டிமைப் மாதிரி வேறு வழியில் வேலை செய்யும் மருந்துக்குப் போகலாம். வலி கடுமையாகி, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் மட்டும் யோசனையே வேண்டாம்: மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அபூர்வம், ஆனால் விளையாட்டில்லை.

இன்று இரவு சரியான அட்டையிலிருந்து எடுத்தேன்.

மே 13

மனைவி இன்னொன்றும் கேட்டாள். ஏழு வருடமாக இரத்த அழுத்த மாத்திரை விழுங்குகிறீர்களே, நூறு பேரில் எத்தனை பேர் தப்புகிறார்கள் என்று அதற்கு ஒரு நாளாவது கணக்குப் போட்டீர்களா?

போடவில்லை. அது என்ன சாதி மாத்திரை, இது என்ன சாதி மாத்திரை என்று இன்னும் புரியவில்லை. ஒன்று உண்டு: அந்த மாத்திரை வந்தபோது எனக்குத் தலை சுற்றியது, அதனால் நோயாளி என்று ஒப்புக்கொண்டேன். இதை நன்றாக இருக்கும்போதே நீட்டினார்கள்.

ஜூலை 2

ஏழு வாரத்துக்குப் பின் அறிக்கை. மொத்தம் 178, எச்டிஎல் 43, டிரைகிளிசரைடு 155, எல்டிஎல் 104. கழித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. கல்லீரல் பரிசோதனையும் ஒழுங்காகவே வந்தது.

சர்க்கரை பற்றி ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, இதை மருத்துவர்கள் தாமாகச் சொல்வது குறைவு. ஸ்டாட்டின் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டுகிறது. 91,140 பேரைக் கொண்ட 13 ஆய்வுகளைச் சேர்த்து 2010-இல் வந்த கணக்குப்படி, 255 பேர் நான்கு ஆண்டு எடுத்தால் கூடுதலாக ஒருவருக்கு வரும். ஏற்கெனவே விளிம்பில் நிற்பவர்களுக்கே பெரும்பாலும் அது நேர்கிறது. என் வரிசையில் தப்பும் நான்கு பேருக்கு எதிரே இதை வைத்துப் பார்த்தேன். தராசு இன்னும் என் பக்கமே சாய்கிறது. கேள்வி கேட்டவர் வரிசையில் சாய்ந்திருக்காது.

ஜூலை 2, இரவு

"சாகும் வரை நிறுத்த முடியாது" என்பதற்கு முதல் நாளிலிருந்து பதில் சொல்லவே இல்லை. நிறுத்தலாம். போதைப் பழக்கம் இல்லை. நிறுத்தினால் சில வாரங்களில் எல்டிஎல் பழைய இடத்துக்குத் திரும்பும். பலன் வேண்டுமென்றால் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் எழுத்து மங்குகிறது. கண்ணாடிக்கு அடிமையாகிவிட்டோம் என்று யாரும் புலம்புவதில்லை. மாரடைப்பு வந்த பிறகு எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

ஆகஸ்ட் 19

கால் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். நேற்று மேட்டில் ஏறி நடந்தேன், இன்று கெண்டைக்கால் வலிக்கிறது. மேடுதான் காரணம் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கடையில் இப்போது அட்டையை வெட்டினால், பெயரைப் பின்பக்கம் பேனாவால் எழுதித் தரச் சொல்கிறேன். மனைவி தன் கால்சியத்தை வேறு அலமாரிக்கு மாற்றிவிட்டாள்.